கள்ளத் தொடுகை

“எனக்கு நோயாளியைப் பாக்கணும்.”

இசக்கியம்மாள் இதைச் சொன்னதும் பவளம் மருத்துவமனையின் நிர்வாகி சாம் ஜெபதுரை கையிலிருந்த காப்பியை மெல்லக் கீழே வைத்தார். மருத்துவமனைகளுக்கு வரி போடும் நலவரித் துறையிலிருந்து வருகிறவர்கள் அவரிடம் என்னென்னவோ கேட்டிருக்கிறார்கள். திருச்செந்தூர் போக வண்டி, மாமியாருக்கு முழு உடல் பரிசோதனை, மச்சானுக்கு மருந்துக்கடையில் வேலை. இதை யாரும் கேட்டதில்லை.

“நோயாளியையா? எதுக்கு மேடம்?”

“முகத்தைப் பாக்க.”

கேட்கக் கூடாது என்றுதான் அவளுக்கும் சொல்லப்பட்டிருந்தது. வேலையில் சேர்ந்த அன்றே துணை ஆணையர் கோமளா அவளை எதிரில் உட்காரவைத்து, “என்ன வேணா கேளு இசக்கி. நோயாளியைப் பாக்கணும்னு மட்டும் கேட்டுடாதே. நாம வரிக்காரங்க. நோயாளி கையில இருக்கற மானி சொல்றதைப் படிச்சா போதும். ஆளைப் பாத்தா மனசு ஒரு பக்கம் சாயும். அப்புறம் வேலை பாக்க முடியாது” என்று சொல்லியிருந்தார். சொன்னது அக்கறையில்தான். துறையில் எல்லாருமே அக்கறையோடுதான் இருந்தார்கள். அந்த அக்கறையைக் கேட்டுக் கேட்டே இசக்கிக்குக் கோபம் வந்தது.

அவளுக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். அவள் முதல் தலைமுறைப் பட்டதாரி. அதற்கான சான்றிதழ் வாங்கத் தாலுகா அலுவலக வாசலில் நின்ற நேரத்தில் இன்னொரு பட்டமே வாங்கியிருக்கலாம்.

அது கட்டில்களுக்குக் கை முளைத்திருந்த காலம். நோயாளியைப் புரட்டிப் போட, துடைக்க, ஊட்ட, மருந்து கொடுக்க எல்லாம் கட்டிலே செய்தது. நர்சுகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காயம் ஆறியது, காய்ச்சல் இறங்கியது. ஆனால் நோயாளிகள் பேச்சை நிறுத்தினார்கள். சிலர் வாயைத் திறக்கவே மறுத்தார்கள். அப்போதுதான் அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. எந்த மருத்துவமனையில் மனிதக் கை நோயாளியின் மேல் எவ்வளவு நேரம் படுகிறதோ, அந்த அளவுக்கு அதன் வரி குறையும் என்று சட்டம் போட்டது. நோயாளியின் மணிக்கட்டில் பரிவுமானி என்று ஒரு மெல்லிய பட்டை. பராமரிக்கிறவர் கையில் ஒரு வளையம். இரண்டும் சேர்ந்துதான் தொடுகையை அளந்து சொல்லும்.

மருத்துவமனைகள் நர்சுகளைத் திரும்பக் கூப்பிடவில்லை. நம்மூரில் ஒருவர் படுத்தால் கூட ஒருவர் துணைக்கு இருப்பார் அல்லவா? அந்தத் துணையின் கையில் வளையத்தை மாட்டிவிட்டார்கள். அம்மா மகளைத் துடைத்தாள், வரி குறைந்தது. அது தெரிந்ததும் சிலர் கூலிக்கு ஆள் பிடித்து நோயாளிகளை வரிசையாகத் தடவவிட்டார்கள். அதைத் தடுக்கத் துறை புது விதி கொண்டுவந்தது: ஒரு நோயாளிக்கு ஒரே வளையம். வேறு யார் தொட்டாலும் அது கள்ளத் தொடுகை.

“இந்தப் பேச்சியம்மாள் மேல புகார் குடுத்தது யாரு?” என்றாள் இசக்கி.

“மானிதான் மேடம். நாங்க ஏன் குடுக்கப் போறோம்? ஒருத்தர் ஆள் மாறித் தொட்டா வார்டு முழுசுக்கும் அன்னைய வரிக்குறைப்பு காலி. எங்களுக்குத்தான் நட்டம்.” சாம் பெருமூச்சு விட்டார். “அந்தம்மா மகளுக்குத் துணைக்கு இருக்காங்க. பக்கத்துக் கட்டில் ஆளைத் தொட்டுட்டாங்க. சரி, தெரியாம தொட்டுட்டேன்னு சொல்லியிருந்தா எச்சரிக்கையோட போயிருக்கும். அவர் உங்களுக்கு என்ன உறவுன்னு வாசல்ல இருக்க மானியோட திரை கேட்டுச்சு. அண்ணன்னு சொல்லிட்டாங்க. ரெண்டு பேர் ரத்தத்தையும் ஒப்பிட்டுப் பாத்தா உறவே இல்ல. பொய் உறவு சொன்னா ஆயுசுக்கும் உள்ள விடக் கூடாதுன்னு உங்க விதி. ஆனா உங்க ஒப்புதல் வந்தாத்தான் நான் தடுக்க முடியும். போட்டுட்டீங்கன்னா முடிஞ்சுது.”

“அப்ப மகளை யாரு பாத்துக்கிறது?”

“கட்டில் பாத்துக்கும்.”

அவள் எழுந்தாள். சாம் எழவில்லை. பேச்சை வேறு பக்கம் திருப்பினார்.

“மேடத்துக்கு எந்த ஊரு?”

“ஓட்டப்பிடாரம் பக்கம்.”

“ஓட்டப்பிடாரத்துல எந்தப் பக்கம்?”

“நீங்க கேக்க நினைக்கிற பக்கம்தான் சார். வார்டு எந்தப் பக்கம்?”

சாம் எழுந்து வழிகாட்டினார்.

வார்டின் ஜன்னல்களுக்கு வெளியே கயத்தாற்றுக் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. உள்ளே நுழைந்ததும் இசக்கிக்கு ஏதோ உறுத்தியது. என்னவென்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கட்டில்களுக்கு நடுவே நடந்த அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். ஆண்கள் மார்போடு கட்டியிருந்தார்கள். பெண்கள் முந்தானைக்குள் கையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். அடுத்த கட்டில் நோயாளி மேல் தவறிக்கூடப் பட்டுவிடக் கூடாது என்பதற்காக.

ஒரு பெரியவர் தேநீர் வாங்கி வந்தார். டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு விலகினார். இன்னொருவர் குனிந்து அதை எடுத்துக்கொண்டார்.

இசக்கியின் அப்பா உப்பளக் கங்காணி முன்னால் அப்படித்தான் கை கட்டி நின்றார். டீக்கடையில் டம்ளரை அப்படித்தான் அவருக்கு வைத்தார்கள். அதெல்லாம் போய்விட்டது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அதைத் திரும்ப ஒரு விதியாக எழுதி, கீழே முத்திரை குத்தியிருக்கிறது அவளுடைய துறை. எழுதியவர்களுக்கு அது தெரியக்கூடச் செய்யாது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“டம்ளரைக் கையில குடுத்தா என்ன ஆகும் அண்ணாச்சி?” என்று அந்தப் பெரியவரைக் கேட்டாள்.

ஆவுடையப்பன் என்ற அந்தப் பெரியவர் மனைவிக்குத் துணையாக இருப்பவர். அவளை ஏற இறங்கப் பார்த்தார். “ஒண்ணும் ஆகாது. நோயாளியைத்தான் தொடக் கூடாது. ஆனா எதுக்கு வம்புன்னு யாரையும் தொடுறதில்ல. தொட்டா ஷாக் அடிக்காது, வரி அடிக்கும்.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். சாம் சிரிக்கவில்லை.

பேச்சியம்மாள் கடைசிக்கு முந்தின கட்டிலருகே நின்றிருந்தாள். கட்டிலில் அவள் மகள் மாரிக்கனி. காற்றாலை மெக்கானிக். கோபுரத்தின் உள் ஏணியிலிருந்து விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்திருந்தது.

“வரி ஆபீஸ்ல இருந்து வந்திருக்கேன்மா. இசக்கியம்மாள்.”

“யம்மா தாயி, என்னைய வெளிய அனுப்பத்தான வந்திருக்கிய?” என்றாள் பேச்சியம்மாள். குரலில் கெஞ்சல் இல்லை. “அனுப்பிக்கிடுங்க. ஆனா இவ நடக்கிற வரைக்கும் பொறுத்துக்கிடுங்க. ராத்திரி வலியில முனங்குனா கட்டிலு ஊசி போட்டுத் தூங்க வச்சிருது. நான் இருந்தா கால அமுக்கி விடுவேன். ஊசி வேண்டாம்.”

“என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க.”

பேச்சியம்மாள் பக்கத்துக் கட்டிலைக் காட்டினாள். அங்கே வாதம் வந்து இடப்பக்கம் செத்துப்போன ஒரு மனிதர் படுத்திருந்தார். செம்புலிங்கம். லாரி ஓட்டியவர். துணைக்கு யாரும் இல்லை.

“கஞ்சி ஊட்டிக்கிட்டு இருந்துச்சு கட்டிலு. அண்ணனுக்குப் புரையேறிட்டு. கண்ணு மேல சொருகுது. கட்டிலு என்னடான்னா அடுத்த கரண்டிய நீட்டுது.”

“நாங்க அத்தன பேரும் சுத்தி நின்னோம்,” என்றார் ஆவுடையப்பன். இப்போது அவர் குரலில் கேலி இல்லை. “கையக் கட்டிக்கிட்டு நின்னோம். டாக்டர் திருநெல்வேலில இருந்து திரையில வந்து என்னன்னு கேக்காரு. நான் தொட்டா எம்பொண்டாட்டிய விட்டு என்னைய அனுப்பிருவாவளோன்னு பயம். இவதான் பாஞ்சு அவரைச் சாச்சுப் போட்டு முதுகுல குத்துனா.”

“அவர் உங்களுக்கு அண்ணன்னு ஏன் சொன்னீங்க?”

பேச்சியம்மாளுக்குக் கேள்வியே புரியவில்லை. “பின்ன? தம்பின்னா சொல்ல முடியும்? என்னைய விட மூத்தவுகல்லா.”

மாரிக்கனி படுத்தபடியே சிரித்தாள். சிரித்தால் இடுப்பு வலிக்கும் போலிருந்தது, ஆனாலும் சிரித்தாள். “எங்கம்மாவுக்கு ஊரெல்லாம் அண்ணன்தான் மேடம். ஏறி வந்த ஆட்டோக்காரரும் அண்ணன். சாம் சாரே நேத்து வரைக்கும் அண்ணன்தான்.”

“இப்ப இல்ல,” என்றாள் பேச்சியம்மாள்.

இசக்கி சாமின் பக்கம் திரும்பினாள். “இவங்களைப் பொய் சொன்னாங்கன்னு எழுதச் சொல்றீங்க.”

“நான் எங்க சொல்றேன்? உங்க மானி சொல்லுது.” சாம் அவளை வாசல் பக்கமாக அழைத்துப்போய்த் தணிந்த குரலில் பேசினார். “மேடம், நீங்க நினைக்கிற மாதிரி நான் கெட்டவன் இல்ல. முன்னாடி இந்த ஊர்ல ஆஸ்பத்திரி கிடையாது. நெஞ்சுவலின்னா திருநெல்வேலி போறதுக்குள்ள உயிர் போயிரும். வரியைக் குறைச்சாங்க, அதனாலதான் பவளம் இங்க வந்துச்சு. அந்தக் குறைப்பு போச்சுன்னா நாளைக்கே கதவைச் சாத்துவாங்க. ஒரு அம்மாவுக்காக ஊரை இழுத்து விடாதீங்க.”

அவர் பொய் சொல்லவில்லை என்று இசக்கிக்குத் தெரிந்தது. அவளுக்குப் பிடிக்காத விஷயமே அதுதான். எதிரில் நிற்பவன் முழுப் பொய்யனாக இருந்தால் சண்டை சுலபம்.

“வரியைக் குறைச்சது தப்புன்னு நான் சொல்லவே இல்ல சார். ஒண்ணு மட்டும் கேக்கேன். இவங்க மகளுக்குக் கால் அமுக்குற நேரத்தை நீங்க யாரோட வேலைன்னு அரசாங்கத்துக்குச் சொல்றீங்க?”

“மருத்துவமனையோட பராமரிப்புன்னு.”

“அப்ப அது மருத்துவமனையோட கை.”

“கணக்குக்கு அப்படித்தான்.”

“மருத்துவமனையோட கை மருத்துவமனையோட நோயாளியைத் தொட்டா அதுல கள்ளம் எங்க வந்துச்சு? ஒரு நர்சு இருந்தா, அவ ஒரே கட்டிலைத்தான் பாப்பாளா? அடுத்த கட்டில்ல புரையேறுனா கையைக் கட்டிக்கிட்டு நிப்பாளா?”

சாம் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். “மேடம், அப்படி எழுதுனீங்கன்னா இவங்க எல்லாரும் எங்க ஊழியர்னு ஆயிடும்.”

“ஆமா.”

“சம்பளம், சாப்பாடு, லீவு எல்லாம் குடுக்கணும்.”

“வரி குறைஞ்சிருக்குல்லா சார். எதுக்குக் குறைச்சாங்கன்னு நினைச்சீங்க?”

வராந்தாவுக்கு வந்து தன் முடிவை எழுதி அனுப்பினாள். ஒரே வரிதான்: பராமரிப்பாளர் பேச்சியம்மாள் தன் பணியைச் செய்தார், கள்ளத் தொடுகை இல்லை. அனுப்பி நிமிர்வதற்குள் கோமளாவிடமிருந்து அழைப்பு வந்துவிட்டது.

“ஏம்மா, வார்டுக்குள்ள போனியா?”

“போனேன் மேடம்.”

“சொன்னேன்ல?” அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம். “நீ எழுதினது நியாயம்தான். நான் இல்லேங்கல. ஆனா இது ஒரு பேச்சியம்மாளோட நிக்காது. மாநிலம் பூரா துணைக்கு இருக்கிறவங்க எல்லாம் ஊழியர்னு ஆயிடும். பாதி ஆஸ்பத்திரி வரிக்குறைப்பே வேணாம்னு ஓடிடும். இந்தத் திட்டத்தைக் காட்டித்தான் மந்திரிங்க ஊர் ஊரா கூட்டம் போட்டுப் பேசறாங்க. நீ சின்னப் பொண்ணு. முதல் வேலை. உங்க வீட்ல உன்னை நம்பி எத்தனை பேர் இருக்காங்கன்னு எனக்குத் தெரியும்.”

“அதைச் சொல்லாம பேச முடியாதா மேடம்?”

“சரி. சொல்லல. உன் முடிவை ரத்து பண்ண எனக்கு ஒரு விரல் போதும். நானே கள்ளத் தொடுகைன்னு ஒப்புதல் போட்டுடறேன். உன் பேர் எதுலயும் வராது. கிளம்பி வா.”

“எல்லா வழக்கையும் நீங்களே ரத்து பண்ணிரலாமா?”

“மாவட்ட வழக்குன்னா பண்ணலாம்.”

“நம்ம துறை ஆளே குற்றவாளியா இருந்தா?”

“அது என் கையில இல்ல. சென்னையில ஆணையர் முன்னாடி, எல்லாருக்கும் திறந்த விசாரணை. அதே நோயாளியைத் தொட்ட வேற வழக்கு இருந்தா அதையும் சேர்த்து அங்கதான் எடுப்பாங்க. அதுவரைக்கும் யார் மேலயும் தடை போட முடியாது. ஏன் கேக்கற?” கேட்டு முடிப்பதற்குள் அவருக்கே பதில் தெரிந்துவிட்டது. “இசக்கி. வேண்டாம். உன்னை சஸ்பெண்ட் பண்ண வேண்டி வரும். நான்தான் பண்ணணும்.”

“பண்ணுங்க மேடம். உங்க மேல எனக்குக் கோபம் இல்ல.”

அது உண்மையா என்று அவளுக்கே சந்தேகம்தான். அழைப்பைத் துண்டித்துவிட்டு உள்ளே போனாள். கையில் வளையம் கிடையாது. வரித்துறைக்கு யாரும் வளையம் கொடுப்பதில்லை.

செம்புலிங்கம் விழித்திருந்தார். பேச்சு குழறினாலும் புரிந்தது.

“யாரு தாயி நீ?”

“வரி ஆபீஸ்.”

“எங்கிட்ட என்ன இருக்கு வரி போட?” அவர் வாயின் ஒரு பாதி மட்டும் சிரித்தது. “நானே வெளிய போற ஆளு. துணை இல்லாத ஆளுக்கு இங்க இடமில்லயாம். எம்மேல கை படாதுல்லா. வரி குறையாது.”

“உங்களுக்கு என்ன வேணும்? சொல்லுங்க.”

அவர் யோசித்தார். “முதுகு அரிக்குது. கட்டில்கிட்ட சொன்னா களிம்பு தடவுது. நான் கேட்டது களிம்பா? சொறியணும் தாயி. இந்தச் சனியனுக்கு நகமில்ல.”

பின்னால் சாமின் செருப்புச் சத்தம் வேகமாக வந்தது. “மேடம், மேடம், ஒரு நிமிசம்.”

இசக்கி குனிந்து அவரை வலப்பக்கமாகச் சாய்த்தாள். நினைத்ததை விடக் கனமாக இருந்தார். சட்டைக்குள் கையை விட்டுத் தோள்பட்டைக்குக் கீழே சொறிந்தாள். அவர் மணிக்கட்டிலிருந்த பட்டை சிவப்பாக எரிந்தது. கள்ளத் தொடுகைக்கு எச்சரிக்கையாக வார்டின் விளக்குகள் ஒருமுறை மங்கி மஞ்சளாயின.

“இன்னும் கீழ,” என்றார் செம்புலிங்கம். “ஆ. அங்கதான். ஒரு மாசமா அங்கதான்.”

சாம் கட்டிலின் மறுபக்கம் வந்து நின்றார். அவருக்கு மூச்சு வாங்கியது. “என்ன மேடம் இப்படிப் பண்ணிட்டீங்க. இன்னைக்கு மொத்தமும் போச்சு.”

“என் பேரை எழுதிக்கோங்க. பேச்சியம்மாள் வழக்கையும் இதோட சேத்து அனுப்பிருங்க. ரெண்டுக்கும் சென்னையிலதான் விசாரணை.” நிதானமாகக் கையை எடுத்தாள். “வளையத்தை எல்லாக் கட்டிலுக்கும் பொதுவாக்குங்க. இவங்களை உங்க ஆளுங்கன்னு எழுதிக் குடுங்க. அன்னையில இருந்து நான் வர மாட்டேன். அதுவரைக்கும் தினம் காலையில முதல் பஸ்ஸுக்கு வருவேன். வந்து இவருக்கு முதுகு சொறிஞ்சுட்டுப் போவேன். விசாரணை முடியுறவரைக்கும் என்னை வாசல்ல நிறுத்த உங்களுக்கு அதிகாரம் இல்ல. சஸ்பெண்ட் ஆன ஆளுக்கு வேற என்ன வேலை இருக்கு?”

“தினமுமா?”

“ஞாயிறும் உண்டு.”

சாம் தலையைப் பிடித்துக்கொண்டு காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய மனம் அப்போதே சம்பளப் பட்டியலைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

விளக்கின் மஞ்சள் எல்லார் முகத்திலும் விழுந்திருந்தது. ஆவுடையப்பன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“அப்ப இன்னைக்கு வரிக்குறைப்பு முடிஞ்சிட்டு, அப்படித்தான?”

“முடிஞ்சுது,” என்றார் சாம் தலையைத் தூக்காமல்.

“இதுக்கு மேல போறதுக்கு ஒண்ணும் இல்ல?”

“இல்ல.”

ஆவுடையப்பன் கட்டிய கையை அவிழ்த்தார். மெதுவாக நடந்து எதிர்க் கட்டிலுக்குப் போனார். அங்கே துணைக்கு வந்த பெண் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். “நீ போயிக் குளிச்சிட்டு வா தாயி, உங்க வீட்டுக்காரரை நான் பாத்துக்கிடுதேன்” என்று அவளைச் சொல்லி அனுப்பிவிட்டு, தலையணையைத் தூக்கி வைத்தார். யாரோ யாருடைய தலையையோ வாரத் தொடங்கினார்கள். பேச்சியம்மாள் ஒரு கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு செம்புலிங்கத்தின் கட்டிலில் உட்கார்ந்து, கட்டிலின் இரும்புக் கையை முழங்கையால் ஒதுக்கித் தள்ளினாள்.

“ஏட்டி, எதிர்த்தாப்ல இருக்க அத்தைக்கு அந்தத் தண்ணிய எடுத்துக் குடு,” என்று மகளிடம் சொன்னாள்.

“நான் எந்திரிக்க முடியாம கிடக்கேன்.”

“கையி நல்லாத்தான இருக்கு? இந்தப் பக்கமா நீட்டு, ஆவுடையப்பண்ணன் வாங்கிக்கிடுவாவ.”

இசக்கியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கோமளாவாகத்தான் இருக்கும். அவள் எடுக்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கட்டில்களுக்கு நடுவே, கைகளை வீசி நடந்து, வார்டின் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.